மின் கிதார்: ஒலியும் உறுதியும் விலையும்

(பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

இசைக் கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். யாழும் வீணையும் நரம்புக்கருவிகள். அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி மின் கிதார். அதற்கு வயது இன்னும் நூறு நிரம்பவில்லை. ஆயினும் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடம் முதல் கிராமத்துத் திருவிழா மேடை வரை அது இல்லாத இடம் இல்லை. எங்கள் பாப்பாரப்பட்டி வட்டாரத்திலும் பண்டிகை என்றால் ஒரு நாள் தெருக்கூத்து, மறுநாள் மெல்லிசைக் கச்சேரி. கூத்துக்கு ஆர்மோனியப் பெட்டி எப்படியோ, கச்சேரிக்குக் கிதார் அப்படி.

இக்கருவியைக் கற்க விரும்பும் மாணவர்கள் நம் கல்லூரியில் பலர் உள்ளனர். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எந்தக் கம்பெனிக் கிதார் நல்லது?" என்பதே. இக்கேள்விக்குப் பெயரைச் சொல்லி விடை கூறுதல் எளிது. ஆனால் ஒலி எதனால் பிறக்கிறது, உறுதி எதில் இருக்கிறது, விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்னும் மூன்றையும் அறிந்த பின்னரே அவ்விடை பயன்படும். நாம் வகுப்பில் படிக்கும் சுரமானியும் மின்காந்தத் தூண்டலும் இங்கே நமக்குக் கைகொடுக்கின்றன. அவற்றின் துணைகொண்டு இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மின் கிதார் பிறந்த கதை

மரக் கிதாரின் ஒலி மென்மையானது. பெரிய வாத்தியக் குழுக்களில் பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்கும்போது கிதார்க்காரர் வாசிப்பது அவருக்கே கேட்காது. இக்குறையைப் போக்க 1931-ஆம் ஆண்டு அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஜார்ஜ் போஷாம், அடால்ஃப் ரிக்கன்பேக்கர் ஆகியோர் ஒரு மின் கிதாரை உருவாக்கினர். வட்டமான உடலும் நீண்ட கைப்பிடியும் கொண்டிருந்ததால் அதற்கு "வறுவல் சட்டி" என்றே பட்டப்பெயர் அமைந்தது. அதற்கான காப்புரிமை 1937-ல் கிடைத்தது.

அடுத்த பெரிய மாற்றத்தைச் செய்தவர் லியோ ஃபெண்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வந்தவர் அவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது என்பது வியப்புக்குரிய செய்தி. 1950-51-ல் அவர் சந்தைக்குக் கொண்டுவந்த கிதாரே பின்னர் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. இவற்றில் ஒலிப்பெட்டி என்பதே கிடையாது. உடல் முழுவதும் திண்மையான மரப்பலகை. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் 1902 முதல் இயங்கி வந்த கிப்சன் நிறுவனம் 1952-ல் லெஸ் பால் என்னும் மாதிரியை வெளியிட்டது. இன்று உலகில் விற்கும் மின் கிதார்களில் மிகப் பல இந்த மூன்று மாதிரிகளின் வழித்தோன்றல்களே எனலாம்.

நம் நாட்டில் இக்கருவியின் ஆற்றலை உணர்த்தியவர்களில் தலையாயவர் மாண்டலின் சீனிவாஸ் (1969–2014). அவர் வாசித்தது கிதார் அன்று. ஆயினும் அதே மின் தத்துவத்தில் இயங்கும் திண் உடல் மாண்டலின். மரபான மாண்டலினில் இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பிகள் இருக்கும். மீட்டிய நாதம் உடனே தேய்ந்துவிடும். சீனிவாஸ் ஒற்றைக் கம்பிகள் ஐந்து கொண்ட மின் மாண்டலினைக் கையாண்டார். நாதம் நீண்டு நின்றதால் கமகம் பிடிக்க முடிந்தது. கருவியின் அமைப்பை அறிந்து மாற்றிக்கொண்டவர் கருநாடக இசைக்கே ஒரு புதிய குரலைத் தந்தார் என்பதை நாம் மறக்கலாகாது.

கம்பி பேசும் விதம்

1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே மின் கிதாரின் உயிர். கம்பிகளுக்குக் கீழே "பிக்கப்" என்னும் சிறு அமைப்பு உள்ளது. அதில் நிலைக்காந்தங்கள் உண்டு. அவற்றைச் சுற்றி மயிரிழை போன்ற தாமிரக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். மேலே உள்ள எஃகுக் கம்பி காந்தத்தால் தானும் சிறிது காந்தமாகிறது. அது அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. அதுவே ஆம்ப்ளிஃபையரில் பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியில் நாதமாகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பிக்கப் கேட்பது காற்றின் அதிர்வை அன்று, எஃகின் அசைவையே. நைலான் கம்பி பூட்டினால் காந்தப் பிக்கப் ஊமையாகிவிடும். ஆகவே, வீணைக்குப் பலாமரம் போல மின் கிதாருக்கும் மரமே ஒலியைத் தருகிறது என்று கருதுவது பொருந்தாது. வீணையில் குடமே காற்றை அசைத்து ஒலி எழுப்புகிறது. மின் கிதாரிலோ மரம் கம்பியின் ஆற்றலை எவ்வளவு விரைவில் உறிஞ்சுகிறது என்ற அளவில் மட்டுமே அதன் பங்கு. கம்பி, பிக்கப், பிக்கப் அமைந்த இடம், ஆம்ப்ளிஃபையர் ஆகிய நான்கின் பங்கே பெரிது.

பிக்கப் அமைந்த இடம் ஏன் முக்கியம்? கம்பி ஒரே நேரத்தில் அடிப்படை அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளாகிய மேற்சுரங்களிலும் அதிர்கிறது. குதிரைக்கு அருகில் அடிப்படைச் சுரத்தின் வீச்சு மிகக் குறைவு. அங்கே மேற்சுரங்களே ஓங்கி நிற்கும். எனவே குதிரை ஓரத்துப் பிக்கப் கூர்மையாகவும் கணீரென்றும் ஒலிக்கும். கழுத்து ஓரத்துப் பிக்கப் அடிப்படைச் சுரத்தை மிகுதியாகப் பெறுவதால் குழைவாக ஒலிக்கும். கம்பியின் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு தொலைவில் பிக்கப் அமைந்தால், திறந்த கம்பியின் நான்காவது சீரிசைக்கு அங்கே கணு விழும். அச்சீரிசை அந்தப் பிக்கப்பில் ஏறக்குறையக் கேட்கவே கேட்காது. ஒரே கிதாரில் இரண்டு மூன்று பிக்கப்புகளும் அவற்றை மாற்ற ஒரு விசையும் இருப்பதன் காரணம் இதுவே.

ஃபெண்டரும் கிப்சனும்

ஃபெண்டர் கிதார்களில் பெரும்பாலும் ஒற்றைச் சுருள் பிக்கப் இருக்கும். அதன் ஒலி தெளிவானது, பளிச்சென்றது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உடையது. அருகில் உள்ள மின்கம்பி, மின்மாற்றி, குழல்விளக்குச் சோக் ஆகியவற்றின் காந்தப்புலத்தை அச்சுருள் வாங்கி "ம்ம்ம்" என்று இரையும். சீரியல் விளக்குகளும் ஜெனரேட்டரும் சூழ்ந்த திருவிழா மேடையில் இந்த இரைச்சலை யாவரும் கேட்டிருப்போம்.

இக்குறைக்குத் தீர்வு கண்டவர் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர். 1955-ல் அவர் வடிவமைத்த "ஹம்பக்கர்" பிக்கப்பில் இரண்டு சுருள்கள் உள்ளன. ஒன்றின் சுற்றும் திசை மற்றதற்கு எதிர்; காந்த முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரு சுருள்களிலும் எதிரெதிராகத் தூண்டப்பட்டு நீங்கிவிடுகிறது. கம்பியின் அதிர்வோ, சுற்றும் எதிர் காந்தமும் எதிர் ஆதலால், இரண்டிலும் ஒரே திசையில் சேர்ந்து வலுப்பெறுகிறது. கழித்தலும் கூட்டலும் ஒரே கருவியில் நடக்கும் அழகைப் பாருங்கள்! 1957 முதல் கிப்சன் கிதார்களில் இது இடம்பெற்றது. இதன் ஒலி தடிப்பானது, இனியது. ஆனால் உச்சச் சுரங்களின் பளபளப்பு சற்றுக் குறையும்.

இரண்டாவது வேறுபாடு கம்பியின் நீளம். ஃபெண்டரில் இது 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சனில் ஏறத்தாழ 24.75 அங்குலம், அதாவது 628 மி.மீ. சுரமானிச் சோதனையில் நாம் படித்தபடி, நீளத்தையும் அதிர்வெண்ணையும் பெருக்கி, இருமடங்காக்கி, அதன் வர்க்கத்தை ஒரு மீட்டர் கம்பியின் நிறையால் பெருக்கினால் இழுவிசை கிடைக்கும். 0.254 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பியை 329.6 ஹெர்ட்ஸ் சுருதிக்கு ஏற்ற, ஃபெண்டரில் ஏறத்தாழ 7.4 கிலோ எடையளவு இழுவிசை வேண்டும். கிப்சனில் ஏறத்தாழ 7 கிலோ போதும். வேறுபாடு ஆறு விழுக்காடு. கமகம் போலக் கம்பியை இழுத்து வாசிப்போருக்குக் கிப்சன் சற்று இளக்கமாகத் தோன்றுவதன் காரணம் இதுவே.

மூன்றாவது கட்டுமானம். ஃபெண்டரின் கழுத்து திருகாணிகளால் உடலில் பூட்டப்படுகிறது. கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். கிப்சனின் கழுத்து பசையிட்டு உடலோடு ஒட்டப்படுகிறது. அதன் தலைப்பகுதியும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பார்வைக்கு அழகு; ஆனால் கீழே விழுந்தால் தலையடியில் முறிவு நேர்வது அடிக்கடி காணப்படும் குறை. பேருந்தில் நின்றுகொண்டே கருவியைச் சுமந்து செல்லும் நம்மைப் போன்றவர்கள் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

பெயர் ஒன்று, பட்டறை வேறு

இன்று ஒரு கிதாரின் தலையில் எழுதியுள்ள பெயர் அது பிறந்த ஊரைச் சொல்வதில்லை. ஃபெண்டர் நிறுவனம் அமெரிக்காவின் கொரோனாவிலும் மெக்சிகோவின் என்செனாடாவிலும் கிதார் செய்கிறது. அதே நிறுவனம் 1965-ல் ஸ்குவையர் என்னும் பழைய கம்பி நிறுவனத்தை வாங்கி, 1982 முதல் அப்பெயரில் விலை குறைந்த கிதார்களை விற்கிறது. முதலில் ஜப்பானில் செய்யப்பட்ட இவை பின்னர் இந்தோனேசியா, சீனா ஆகிய நாடுகளுக்குச் சென்றன. கிப்சனுக்கு இத்தகைய தம்பி எபிஃபோன். அது 1957-ல் கிப்சனின் கைக்கு வந்தது.

ஜப்பானிய நிறுவனங்களில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1887-ல் ஹமமட்சு நகரில் ஓர் ஆர்மோனியத்தைப் பழுது பார்த்ததிலிருந்து தொடங்கியது யமஹாவின் வரலாறு. அதன் பசிஃபிகா வரிசை 1990-ல் வந்தது. ஒற்றைச் சுருளும் ஹம்பக்கரும் ஒரே கிதாரில் அமைந்த மாதிரிகள் இதில் உண்டு. எல்லாப் பாட்டுக்கும் ஒரே கருவியை வைத்துக்கொள்ள வேண்டிய கச்சேரிக்காரருக்கு இது வசதி. இதே யமஹா நிறுவனம் சென்னைக்கு அருகே 2019-ல் உற்பத்தியைத் தொடங்கி, கீபோர்டுகளையும் மரக் கிதார்களையும் செய்துவருவது நமக்குப் பெருமை தரும் செய்தி. மற்றொன்று இபானெஸ். நகோயா நகரத்தில் 1908-ல் ஒரு புத்தகக் கடையின் இசைப் பிரிவாகத் தொடங்கிய ஹோஷினோ நிறுவனம், தான் இறக்குமதி செய்த ஸ்பானியக் கிதாரின் பெயரையே சூட்டிக்கொண்டது. மெல்லிய கழுத்து இதன் அடையாளம். வேகமாக வாசிப்போர் இதனை விரும்புவர்.

கொரியாவின் கோர்ட் நிறுவனம் தன் பெயரிலும் கிதார் விற்கிறது. இந்தோனேசியாவில் உள்ள தன் தொழிற்சாலையில் பிற புகழ்பெற்ற நிறுவனங்களுக்கும் செய்து கொடுக்கிறது. ஒரே கூரையின் கீழ், ஒரே எந்திரத்தில், பல பெயர்கள் பிறக்கின்றன. இந்தியாவிலேயே கொல்கத்தாவில் செய்யப்படும் கிவ்சன் போன்ற கிதார்கள் பல்லாண்டுகளாக நம் மாணவர்களின் கைக்கு முதலில் எட்டும் கருவிகளாக இருந்துவருகின்றன. ஆகவே பெயரை மட்டும் கேட்டு மதிப்பிடுதல், ஊரைக் கேட்டு மனிதனை மதிப்பிடுதல் போன்றதே.

மரமும் சட்டமும்

கிதாரின் விரல்பலகைக்கு நெடுங்காலமாக விரும்பப்படும் மரங்களில் ஒன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் இதனை அழைப்பர். கெட்டியான இம்மரம் விரல் தேய்வைத் தாங்கும். 2011-ல் அமெரிக்க அரசு கிப்சன் தொழிற்சாலையில் சோதனை நடத்திக் கைப்பற்றியது இந்தியாவிலிருந்து சென்ற மரத்தையே. 2012-ல் நிறுவனம் 3,00,000 டாலர் செலுத்த இசைந்து வழக்கை முடித்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 2019-ன் இறுதியில் முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் பல தொழிற்சாலைகள் வேறு மரங்களுக்கு மாறின. ஸ்குவையரின் பல மாதிரிகளில் இன்று காணப்படும் "இந்தியன் லாரல்" என்பது வேறொன்றுமில்லை, நம் காடுகளில் வளரும் கருமருதே! வெளிநாட்டுப் பெயரில் வரும் கருவிக்குள் நம் மண்ணின் மரம் ஒளிந்திருக்கிறது.

மெட்டுகளின் கணக்கு

ஒரு கிதார் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது மெட்டுகளே. ஆங்கிலத்தில் இவற்றை ஃப்ரெட் என்பர். ஒரு சுருதி மண்டலத்தைப் பன்னிரண்டு சமபங்காகப் பிரிக்கும் முறையில், ஒவ்வொரு மெட்டிலும் அதிர்வெண் 1.0595 மடங்காக உயரவேண்டும். இதற்கு, மீதமுள்ள கம்பி நீளத்தை 17.817-ஆல் வகுத்து அடுத்த மெட்டை அமைப்பர். 648 மி.மீ. கிதாரில் முதல் மெட்டு 36.4 மி.மீ. தொலைவில் விழும். பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 324 மி.மீ.-ல் விழும்.

நம் தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல் பதிக்கப்பட்டுள்ளன. நாளடைவில் சுருதி பிசகினால் மேளம் கட்டுபவர் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திச் சரிசெய்வார். கிதாரிலோ மெட்டுகள் மரத்தில் அறுத்த காடியில் அடித்து இறக்கப்பட்டவை. அறுக்கும்போது நேர்ந்த பிழை என்றென்றைக்கும் நிற்கும்.

அப்பிழையின் விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். பன்னிரண்டாம் மெட்டு 2 மி.மீ. மட்டும் குதிரைப் பக்கம் தள்ளி அமைந்ததாகக் கொள்வோம். 324-க்குப் பதிலாக 322 மி.மீ. கம்பி அதிரும். 659 ஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் 663 ஹெர்ட்ஸ் வரும். சரியான சுரத்தோடு சேர்த்து ஒலித்தால் விநாடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும். இத்தகைய கிதாரைத் திறந்த கம்பியில் எவ்வளவு கவனமாகச் சுருதி சேர்த்தாலும், மேலே வாசிக்கும்போது அபசுரமே வரும்.

இங்கேதான் நாம் அஞ்சவேண்டிய இழப்பு உள்ளது. காசு நட்டம் சிறிது. ஆனால் கற்கத் தொடங்கும் மாணவன் கருவியைச் சந்தேகிப்பதில்லை; தன் காதையும் தன் விரலையுமே சந்தேகிக்கிறான். வீட்டில் இசை தெரிந்தவர் இருந்தால், "கருவி பிசகு, நீ அன்று" என்று சொல்லித் தேற்றுவார். நம்மில் பலருக்கு அத்தகைய வீடு வாய்க்கவில்லை. பள்ளிக்கூடத்தை எட்டிப்பாராத பெற்றோரின் பிள்ளைகளாக, குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் நாம். பாடம் விளங்காதபோது, "இது நம் குலத்துக்கு வராது" என்று சொல்லிவிட எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்! அதே சொல்லை இரண்டு மில்லிமீட்டர் தவறிய ஓர் இரும்புத் துண்டும் சொல்லுமானால், எத்தனை இசைக்கலைஞர்களை இந்நாடு அறியாமலே இழந்திருக்கும்? எனவே கருவியை அளந்து பார்க்கும் அறிவு இசை கற்பதன் முதற் பாடமாகும். தப்பு அடிப்பவர் தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி பார்த்த பின்னரே தோளில் மாட்டுகிறார். கருவியைச் சோதித்த பின் வாசிப்பது என்பது நம் ஊர்க் கலைஞர்களுக்குப் புதிதன்று.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

கிதார் வாங்கச் சேலத்துக்கோ பெங்களூருக்கோ செல்வோர் ஓர் எஃகு அளவுகோலை உடன் கொண்டுசெல்லலாம். விலையுயர்ந்த எந்தக் கருவியும் இதற்குத் தேவையில்லை.

ஒன்று: கம்பி தொடங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் மெட்டு வரை அளந்து இரட்டித்தால் வருவதே கருவியின் அளவு நீளம். ஐந்தாம் மெட்டு இதில் ஏறத்தாழ கால் பங்கிலும், ஏழாம் மெட்டு மூன்றில் ஒரு பங்கிலும் விழவேண்டும். 648 மி.மீ. கிதாரில் இவை முறையே 162.5, 215.5 மி.மீ. ஆகும்.

இரண்டு: பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டி எழும் சீரிசையையும், அதே மெட்டில் அழுத்தி எழும் சுரத்தையும் ஒப்பிடுக. இரண்டும் ஒன்றாக வேண்டும். சிறிது வேறுபட்டால் குதிரையில் உள்ள திருகாணியால் கம்பி நீளத்தைத் திருத்தலாம். திருத்திய பின்னும் இடையிலுள்ள மெட்டுகள் பிசகினால் அக்கருவியை விட்டுவிடுக.

மூன்று: ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுக. எங்கேனும் "கிர்" என்று உராய்ந்தால் மெட்டுகளின் உயரம் சமமில்லை என்று அறிக.

நான்கு: கழுத்தை ஒரு கண்ணால் நீளவாட்டில் நோக்குக. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடையளவு இழுக்கின்றன. ஒரு சிமெண்டு மூட்டைக்குச் சற்றே குறைந்த இச்சுமையை இரவும் பகலும் அக்கழுத்து தாங்கவேண்டும். அதற்காகவே உள்ளே எஃகுத் தண்டு வைக்கிறார்கள். மிகச் சிறிய வளைவு இருக்கலாம். முறுக்கு இருத்தல் ஆகாது. மெட்டுகளின் ஓரத்தை விரலால் தடவிப் பார்க்க. கோடையில் மரம் சுருங்கினால் அவை நீட்டிக்கொண்டு கையைக் கீறும்.

ஐந்து: சுருதி சேர்த்த பின் கம்பிகளைப் பலமுறை இழுத்து வாசித்து, மீண்டும் சுருதி பார்க்க. நிற்கவில்லையெனில் டியூனிங் கீகளோ நட்டோ சரியில்லை. புதுக் கம்பி சிறிது தளர்வது இயல்பே. பழகிய கம்பியில் இச்சோதனையைச் செய்க.

விலையும் மதிப்பும்

அமெரிக்காவில் செய்த ஃபெண்டர் கிதாரின் விலை நம் நாட்டில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது; கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு இரண்டு லட்சத்தையும் தாண்டுகிறது. ஸ்குவையர், எபிஃபோன், யமஹா, இபானெஸ், கோர்ட் ஆகியவற்றின் தொடக்க மாதிரிகள் இதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கின்றன. இவ்வளவு வேறுபாடு ஒலியில் உண்டா? இல்லை. கூடுதல் விலையில் ஒரு பகுதி நல்ல உலோகப் பாகங்களுக்கும், மெட்டின் ஓரத்தை இழைக்கும் கைவேலைக்கும், அந்நாட்டுத் தொழிலாளர் கூலிக்கும் போகிறது. மற்றொரு பகுதி சுங்கத்துக்கும் பெயருக்கும் போகிறது. மெட்டு அறுக்கும் வேலையை இன்று கணிப்பொறி எந்திரங்கள் செய்வதால், விலை குறைந்த நல்ல தொழிற்சாலைக் கிதார்களிலும் அளவுகள் சரியாகவே அமைகின்றன. அஞ்சவேண்டியது பெயரும் முகவரியும் அற்ற மலிவுக் கருவிகளுக்கே.

விலை வேறு, மதிப்பு வேறு என்பதற்குக் கிப்சனின் வரலாறே சான்று. இன்று சேகரிப்போர் கோடிக்கணக்கில் கொடுத்து வாங்க விழையும் 1958–60 காலத்து லெஸ் பால் கிதார்கள் அன்று சரியாக விற்கவில்லை. 1961-ல் நிறுவனம் அவ்வடிவத்தையே கைவிட்டது. 1968-ல்தான் மீண்டும் தொடங்கியது. மரமும் காந்தமும் மாறவில்லை. மக்கள் மனமே மாறியது.

கையில் உள்ள தொகை முழுவதையும் கிதாருக்கே செலவிடுவதும் தவறு. ஒலியில் பெரும்பங்கு ஆம்ப்ளிஃபையரைச் சேர்ந்தது. ஆகவே அதற்கும், நல்ல கம்பிகளுக்கும், முதலில் ஒருமுறை கருவியைச் சீர்செய்யும் கூலிக்கும் ஒரு பகுதியை ஒதுக்கவேண்டும். பழைய கிதார் வாங்குவோர் மேற்கூறிய ஐந்து சோதனைகளோடு மெட்டுத் தேய்மானத்தையும் பார்த்து வாங்கினால், அதே பணத்தில் ஒரு படி உயர்ந்த கருவி கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை

மின் கிதாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு மின்னிணைப்பு உடையவை. எர்த் இல்லாத மேடையில், பழுதான ஆம்ப்ளிஃபையரோ மைக்கோ இருந்தால் வாசிப்பவரின் உடல் வழியே மின்சாரம் பாயும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சி நகர மேடையில் லெஸ்லி ஹார்வி என்னும் கிதார்க் கலைஞர், எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கும் திருவிழா மேடைகளில் இந்த அபாயம் நமக்கு மிக அருகில் உள்ளது. மூன்று முனைப் பிளக்கின் மூன்றாம் முனையை ஒடித்து இரண்டு முனைத் துளையில் செருகுவோர் தம் உயிரோடு விளையாடுகின்றனர். டெஸ்டர் கொண்டு மைக்கையும் கம்பியையும் சோதித்த பின்னரே கை வைக்கவேண்டும். எந்தக் கம்பெனிக் கிதாருக்கும் இவ்விதி பொருந்தும்.

முடிவுரை

பளிச்சென்ற ஒலியும் எளிதில் பழுது பார்க்கும் வசதியும் வேண்டுவோருக்கு ஃபெண்டர் வழி வந்தவை ஏற்றவை. இரைச்சலற்ற தடித்த ஒலியும் இளகிய கம்பியும் வேண்டுவோருக்குக் கிப்சன் வழி வந்தவை ஏற்றவை. இரண்டையும் ஓரளவு ஒரே கருவியில் வேண்டும் மெல்லிசைக் குழுவினருக்கு, ஒற்றைச் சுருளும் ஹம்பக்கரும் கலந்த யமஹா பசிஃபிகா போன்றவை பொருந்தும். முதன்முதலில் கற்கும் மாணவனுக்கு, அளவு சரியான, சுருதி நிற்கும் எந்தக் கிதாரும் உயர்ந்த கிதாரே.

பத்து மாதம் கழித்து ஒருவன் வாசிப்பு நன்றாக இல்லையெனில் அவன் பயிற்சியைக் குறை சொல்லலாம். ஆனால் முதல் நாளே அவன் கையில் பொய்யான கருவியைக் கொடுத்துவிட்டு, அவனிடம் ஞானம் இல்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. கடன் வாங்கியேனும் பிள்ளைக்கு ஒரு கிதார் வாங்கித் தர முன்வரும் தந்தை நம் ஊர்களிலும் இன்று இருக்கிறார். அந்தப் பணத்தோடு கடைக்குச் செல்லும் மாணவ நண்பர்கள் சட்டைப் பையில் ஓர் அளவுகோலையும் நெஞ்சில் சிறிது இயற்பியலையும் எடுத்துச் செல்வார்களாக.